மறுநாளுக்கான பாட்டில்

விருந்துக்கு அழைத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பதில் நம் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. எதைக் கொண்டுபோவது என்று யோசிக்கும்போதுதான் யோசனை தெருமுனை பேக்கரியைத் தாண்டுவதில்லை. அரை கிலோ ஸ்வீட், அரை டஜன் ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், குழந்தைகள் இருக்கும் வீடென்றால் பிஸ்கட் பாக்கெட், இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு லிட்டர் கோலா. எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் இந்தப் பட்டியலில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அதே நினைவில், பட்டியலின் ஓரத்தில், இன்னொரு பொருளும் இருந்துகொண்டேயிருக்கிறது. வேரையோ இஞ்சியையோ ஊறவைத்து வடிகட்டி, சர்க்கரைப் பாகு சேர்த்து, கழுவிக் காயவைத்த பழைய பாட்டிலில் ஊற்றி, மூடிக்கு அடியில் ஒரு பாலித்தீன் துண்டு வைத்து இறுக்கிக் கொண்டுவந்து தரும் வீட்டு சர்பத் அது. விருந்து வைக்கிறவருக்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான கைப்பொருள் இல்லை என்பது என் கட்சி. அதன் சுவைக்காகவோ, மூலிகை என்ற பெருமைக்காகவோ இதைச் சொல்லவில்லை. அந்தப் பாட்டிலுக்கு அவசரம் கிடையாது. அதுதான் அதன் தகுதி.

விருந்து நடக்கும் வீட்டின் பக்கமிருந்து பார்த்தால் இது விளங்கும். விருந்தாளி வாசலில் நுழையும் நேரம்தான் அந்த வீட்டுக்கு அன்றைக்கு நெருக்கடி முற்றிய நேரம். அடுப்பில் ஏதோ ஒன்று இறக்கும் பதத்தில் இருக்கும், ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணம் வைக்க இடம் இருக்காது, இலை போடலாமா இன்னும் ஒரு குடும்பத்துக்காகக் காத்திருக்கலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கைக்கு வரும் ஒவ்வொரு பொருளும் ஒரு வேலையோடு வருகிறது. ஸ்வீட் டப்பாவைப் பிரித்துத் தட்டில் வைக்க வேண்டும். வைத்தால் காலையிலிருந்து கிளறிய பாயசத்துக்கு அது போட்டி, வைக்காவிட்டால் கொண்டுவந்தவர் மனம் வாடும். பழத்தைக் கழுவி நறுக்க வேண்டும். கோலா குளிர்ந்திருக்க வேண்டும், திறந்தால் அன்றைக்கே தீர்க்க வேண்டும், இல்லையென்றால் மறுநாள் வாயு போன இனிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். தீபாவளி ஸ்வீட் பெட்டிகள் பிரிக்கப்படாமலேயே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பயணம் போவது ஊரறிந்த ரகசியம். அதில் ஊராரின் கஞ்சத்தனத்தைவிட அந்தப் பொருளின் குறைதான் அதிகம்: எல்லோரிடமும் ஒரே நாளில் மிதமிஞ்சிச் சேர்ந்து, ஒரே வாரத்தில் கெட்டுப்போகும் பொருளுக்கு வேறு கதி இல்லை. சர்பத் பாட்டிலோ அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அன்றைய சமையலோடு அது மோதுவதில்லை. கூட்டமெல்லாம் கலைந்து, பாத்திரமெல்லாம் கழுவி, மறுநாள் பதினொரு மணிக்குக் காலை நீட்டி உட்காரும்போது வீட்டுக்காரம்மா தனக்கென்று ஒரு டம்ளர் கலக்கிக்கொள்ளலாம். விருந்து வைத்தவர் விருந்தாளியாக இருக்கும் நேரம் அதுதான். பரிசு போய்ச் சேர வேண்டிய நேரமும் அதுவே.

இது என் சொந்தக் கற்பனை இல்லை என்பதற்கு நம் ஊர்ப் பண்டிகைகளே சாட்சி. ஆங்கிலோ இந்தியர்கள் நிறைய வாழ்ந்த ரயில்வே குடியிருப்புகளில், பெரம்பூரிலும் பொன்மலையிலும் போத்தனூரிலும், கிறிஸ்துமஸுக்கு இஞ்சி ஒயின் செய்வார்கள். பெயரில்தான் ஒயின், போதை கிடையாது. நசுக்கிய இஞ்சியோடு பட்டை, கிராம்பு, ஒன்றிரண்டு காய்ந்த மிளகாய் போட்டுக் கொதிக்கவைத்து, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரையை ஊற்றுவார்கள். கல்கல்ஸும் ரோஸ் குக்கீயும் தட்டில் வர, சின்ன கிளாஸில் இதுவும் வரும். முன்கூட்டியே செய்து பாட்டிலில் அடைத்துவைப்பதால் புத்தாண்டு வரை போகிற வீட்டுக்கெல்லாம் கையில் எடுத்துப்போக முடிந்தது. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு நன்னாரி சர்பத்தும், சப்ஜா விதை ஊறிய ரோஸ் சர்பத்தும் வேண்டும். நோன்புக் கஞ்சியை அன்றன்று தூக்கில் கொடுத்தனுப்பலாம், சர்பத்தை மாதம் பிறக்குமுன்பே பாட்டிலாகக் கொடுத்துவிடலாம். ராம நவமிப் பானகத்தை இவற்றோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை எல்லாம் அதிலும் உண்டு, வாசனைக்கும் குறைவில்லை. ஆனால் வெல்லத் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். அதனால் பானகம் என்றும் கொடுக்கிறவர் வாசலில் நின்று வருகிறவருக்கு ஊற்றும் பொருளாகவே இருந்துவருகிறது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் தெருத்தெருவாக நிற்கும் தண்ணீர்ப் பந்தல்களில் நீர்மோரும் பானகமும் அப்படித்தான் ஓடுகின்றன. அன்றைக்கே தீர வேண்டியது விருந்து வைப்பவரிடமிருந்து விருந்தாளிக்குப் போகிறது. இருந்து தீரக்கூடியது விருந்தாளியிடமிருந்து விருந்து வைப்பவருக்குப் போகிறது. யாரும் எழுதிவைக்காத இந்த ஒழுங்கை நம் வீடுகள் பொருளின் ஆயுளைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கின்றன.

ஆயுள் என்று சொன்னால் அது எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். நன்னாரியையே எடுத்துக்கொள்வோம். நாட்டு மருந்துக் கடையில் கட்டாகக் கிடைக்கும் மெல்லிய, முறுக்கிய, பழுப்பு நிற வேர் அது. மண் போக நாலைந்து தண்ணீர் கழுவ வேண்டும். பிறகு அம்மியிலோ இடிகல்லிலோ லேசாகத் தட்டினால் மேல்தோல் பிளந்து உள்ளேயிருக்கும் வெள்ளை நரம்பு தனியே வரும். வாசனை முழுவதும் தோலில்தான், நரம்பு வெறும் கட்டை. இந்த உரிக்கிற வேலை சலிப்பானது, அதனால் பலரும் முழு வேரையே இடித்துப் போட்டுவிடுகிறார்கள். மரத்தூள் வாடை அடிக்கும் சர்பத்தின் வரலாறு அநேகமாக அங்கேதான் தொடங்குகிறது. தோலைக் கொதித்து இறக்கிய நீரில் போட்டு மூடி, இரவு முழுக்க ஊறவிட வேண்டும். மூடுவது முக்கியம். நன்னாரிக்கு அந்த மணத்தைத் தரும் பொருள் ஆவியோடு சேர்ந்து பறந்துவிடும் தன்மையுடையது. திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவைத்தால் தெரு முழுக்க மணக்கும், பாத்திரத்தில் கசப்பும் நிறமும் மட்டும் மிச்சமிருக்கும். காலையில் மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டி, அந்த நீரோடு இரு மடங்கு எடைக்குச் சர்க்கரை சேர்த்து, கரையும் வரை மட்டும் சூடாக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து இறக்கினால் முடிந்தது. கால் கிலோ வேர், வடித்த நீர் ஒரு லிட்டர், சர்க்கரை இரண்டு கிலோ என்று போட்டால் சுமார் இரண்டேகால் லிட்டர் பாகு தேறும். அதாவது 750 மில்லி பாட்டில் மூன்று. ஒன்று வீட்டுக்கு, இரண்டு போகிற இடத்துக்கு.

அந்த இரு மடங்கு என்ற அளவை இனிப்புப் பிரியர்களின் ஊதாரித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒன்றுக்கு ஒன்று போட்டால் போதாதா என்று கேட்பார்கள். குடிக்கப் போதும், வைத்திருக்கப் போதாது. ஒரு பங்கு நீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை என்றால் பாகில் மூன்றில் இரண்டு பங்கு, 66.7 சதவீதம், சர்க்கரை. இந்திய மருந்து நூல் இருமல் மருந்துகளுக்கும் மற்றவற்றுக்கும் அடிப்படையாக வகுத்திருக்கும் சாதாரண சிரப்பின் அளவும் இதுவேதான். மருந்தாளுநரும் பாட்டியும் ஒரே எண்ணில் வந்து நிற்பது தற்செயல் இல்லை. அறை வெப்பத்தில் நீர் ஏற்றுக்கொள்ளக்கூடிய சர்க்கரையின் எல்லை கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. அந்தச் செறிவில் நீரைச் சர்க்கரை கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பாக்டீரியாவுக்கு உயிர்வாழ வேண்டிய ஈரம் கிடைப்பதில்லை. ஐம்பது சதவீதப் பாகில் அந்தப் பிடி தளர்ந்துவிடும், சில நாளில் மேலே ஆடை படியும், நுரைக்கும். எல்லையில் நிற்பதால் குளிர்ந்ததும் அடியில் கற்கண்டு கட்டும் தொல்லை ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் எலுமிச்சை. சூட்டில் புளிப்பு பட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைகிறது, உடைந்தது எளிதில் உறைவதில்லை. இன்னொரு கண்ணி பலருக்கும் தெரிவதில்லை: சூடாக ஊற்றி உடனே மூடினால், மூடியின் உட்புறம் ஆவி வியர்த்து, சொட்டிச் சொட்டிப் பாகின் மேல்பரப்பை மட்டும் நீர்க்கச் செய்துவிடும். முழு பாட்டிலும் நன்றாக இருக்க மேலே மட்டும் பூசணம் பூப்பது இதனால்தான். மூடியபின் ஒருமுறை கவிழ்த்துக் குலுக்கிவிட்டால் தீர்ந்தது.

இதே எண்களை வைத்துத்தான் நல்ல எண்ணத்தில் செய்யப்படும் சில புதுமைகளை நான் ஏற்க மறுக்கிறேன். துளசி, புதினா, எலுமிச்சைப்புல் ஆகியவற்றைப் பச்சையாகக் கண்ணாடிக் குடுவையில் மிதக்கவிட்டு, ரிப்பன் கட்டித் தரும் பானங்கள் படத்துக்கு அழகாக இருக்கின்றன. சர்க்கரை இல்லாமல், புளிப்பும் போதாமல், இலையும் உள்ளேயே கிடக்க, அவை ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கினால் அதிகம். அதை வாங்கிக்கொள்ளும் வீட்டுக்கு அது ஒரு கெடு. வெளிநாடுகளில் விருந்து வைப்பவருக்கு மூலிகை ஊறிய வோட்காவோ, எலுமிச்சைத் தோல் ஊறிய இத்தாலிய லிமோன்செல்லோவோ கொடுப்பது சகஜம். அங்கே சர்க்கரை செய்யும் காவலைச் சாராயம் செய்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் அந்த வழி சட்டத்தாலும் பழக்கத்தாலும் அடைபட்டது, எனவே நமக்குச் சர்க்கரைதான் துணை. ஊறவைப்பதும் வடிப்பதும் எல்லா ஊரிலும் ஒன்றே. எதை நம்பிப் பாட்டிலை மூடுகிறோம் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

நன்னாரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பரிசின் நேர்மை வேரில் தொடங்குகிறது. சந்தையில் நன்னாரி என்று கிடைப்பதெல்லாம் நன்னாரி ஆகாது. மாகாளிக்கிழங்குக்கும் அதே மணம் உண்டு. ஊறுகாயாகப் போட்டு அதை விரும்பிச் சாப்பிடும் குடும்பங்களும், மூட்டைப்பூச்சி வாடை என்று மூக்கைப் பொத்தும் குடும்பங்களும் சம்பந்தம் செய்துகொண்டு ஒற்றுமையாக வாழ்ந்துகொண்டிருக்கின்றன. இரண்டு வேருக்கும் மணம் தருவது ஒரே மூலக்கூறுதான்: 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சிபென்சால்டிஹைடு. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினில் இருக்கும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, இடம் மட்டும் மாறியிருக்கிறது. நன்னாரியை முகரும்போது ஐஸ்கிரீம் கடை நினைவுக்கு வருவது மனப்பிரமை இல்லை. மாகாளி பருத்த கிழங்கு, கிலோ கணக்கில் தேறும். நன்னாரி நூல்போன்ற வேர், தோண்டித் தோண்டிக் கை சலிக்கும். எனவே சர்பத் வியாபாரத்தில், குறிப்பாக ஆந்திரத்தின் ராயலசீமைப் பக்கம், மாகாளி நன்னாரியின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. குடிக்கிறவருக்குத் தீங்கில்லை. ஆனால் தென்னிந்திய மலைச்சரிவுகளில் மட்டும் வளரும் அந்தக் கொடியைக் கிழங்கோடு பெயர்த்தெடுப்பதால் அது காட்டில் அருகிப்போய், அழிவை நெருங்கும் தாவரங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வீட்டில் செய்கிறவர் வாங்குவது கால் கிலோதான் என்றாலும், எந்த வேரை வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் கேட்பது, அதைக் கொடுக்கும்போது சொல்லிக் கொடுப்பது, இரண்டும் இந்தப் பரிசின் பகுதிதான். 1864-ல் வெளிவந்த பிரிட்டிஷ் மருந்து நூல் இந்த எளிய நன்னாரி வேரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது என்பதையும், அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த சார்சபரில்லாவுக்கு மாற்றாகவே சேர்த்தது என்பதையும் பேச்சுவாக்கில் சேர்த்துச் சொன்னால் பாட்டிலின் மதிப்பு ஒரு படி கூடும்.

வீட்டுச் சரக்கைக் கொண்டுபோனால் சிக்கனம் பிடிக்கிறார் என்று நினைக்க மாட்டார்களா என்பது முதல் எதிர்ப்பு. இது பொய்யான பயம் இல்லை. இதற்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது. கடையில் வாங்கிய பானம் வீட்டுப் பானத்தைவிட உயர்ந்தது என்ற எண்ணம் எப்போதும் இருந்ததில்லை. விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க் போன்ற ஊர் நிறுவனங்களின் சோடாவும் கலரும் கடைவாசலில் நின்று குடிப்பதற்கானவை, வீட்டு சர்பத்துக்கு அவை மாற்றாக வந்ததில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில், 1977-ல் கோக கோலா நாட்டைவிட்டுப் போன பிறகு, ஸ்குவாஷ் பாட்டில்களும் அவற்றுக்குப் பின்னால் ரஸ்னா போன்ற பொடி பாக்கெட்களும் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தன. விருந்தாளிக்கு வீட்டிலேயே கலக்கிக் கொடுக்கும் பழக்கம் மாறவில்லை, கலக்கும் பொருள் மட்டும் கடைக்குப் போனது. 1993-ல் கோக கோலா திரும்பி வந்து, பெரிய பிளாஸ்டிக் பாட்டில்கள் பெட்டிக்கடை வரை பரவியபோது கலக்கும் வேலையும் போயிற்று. ஆக, வீட்டு பாட்டில் எளிமையின் அடையாளமாகிப்போனது என் தலைமுறையின் கண்முன்னால் நடந்த மாற்றம். அதன்பின் வந்ததையும் பார்க்க வேண்டும். எங்கும் எப்போதும் ஒரே விலைக்குக் கிடைப்பதாலேயே கோலா பாட்டில் பரிசாக இருக்கும் தகுதியை இழந்துவிட்டது. அதன் விலை எல்லோருக்கும் தெரியும், கொடுத்தவர் செலவழித்த நேரம் பத்து நிமிடம் என்பதும் தெரியும். உரித்து, ஊறவைத்து, வடித்த பாட்டிலின் விலையை யாராலும் சட்டென்று சொல்ல முடியாது. சிக்கனம் என்று நினைப்பவர் நினைக்கட்டும். அவர் ஒருநாள் கால் கிலோ நன்னாரியை உரித்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு நான் சொல்ல வேறொன்றும் இல்லை.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. அடுத்தவர் சமையலறையில், உரிமமோ சோதனையோ இல்லாமல் செய்ததை எப்படி நம்பிக் குடிப்பது? நம்பக் கூடாது என்பதிலிருந்தே நானும் தொடங்குகிறேன். நம்பிக்கைக்கு அடிப்படை வேண்டும். அதைக் கொடுக்கிறவர்தான் அமைத்துத் தர வேண்டும். பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்து ஈரமின்றிக் காயவைப்பது ஒன்று. பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டுவது அதைவிடப் பெரிது: என்ன வேர், என்னென்ன சேர்ந்திருக்கிறது, செய்த தேதி, ஒரு டம்ளருக்கு எவ்வளவு ஊற்றலாம், திறந்தபின் ஃபிரிட்ஜில் வைக்கவும். சர்க்கரைச் செறிவையும் தாங்கி வளரும் ஈஸ்ட் வகைகள் சில உண்டு. அவை புகுந்துவிட்டால் பாட்டிலுக்குள் வாயு சேரும், திறக்கும்போது சீறும். அப்படிச் சீறினால் கொட்டிவிடவும் என்று சீட்டில் எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. எதைச் சேர்க்கக் கூடாது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். அதிமதுரம் தொண்டைக்கு இதம், இயல்பாகவே இனிப்பு, அதனால் பலரும் கைநிறையப் போடுவார்கள். தொடர்ந்து குடித்தால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றி உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். யார் யார் குடிக்கப்போகிறார்கள் என்று தெரியாத பாட்டிலில் அதற்கு இடமில்லை. சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினால் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது ஆபத்து. மருந்துப் பேச்சையே இந்தப் பாட்டிலிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். 2020-ல் கபசுரக் குடிநீர்ப் பொடி வீடுவீடாகக் கைமாறியது நினைவிருக்கலாம். அக்கறையோடுதான் கொடுத்தோம். ஆனாலும் வாங்கிக்கொண்டவர் முகத்தில் தெரிந்தது பரிசு பெற்ற மகிழ்ச்சி இல்லை, நோய் பற்றிய பயம். உடல் சூடு தணியும், இரத்தம் சுத்தமாகும் என்று சொல்லி நீட்டப்படும் சர்பத்தும் அப்படித்தான், குடிக்கிறவரை நோயாளியாக்கிவிடுகிறது.

மூன்றாவது எதிர்ப்பை என்னால் முழுக்க வெல்ல முடியாது, அதை முன்பே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் என்று கணக்கிட்டது. விருந்து மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தால் ஒருவருக்காவது இருக்கும். நம் பாகில் 30 மில்லி எடுத்தால் அதில் சுமார் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரையை நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஒரு டம்ளர் சர்பத் அந்த இரண்டாவது எல்லையைத் தனியாகவே தாண்டிவிடுகிறது. 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்குச் சற்று மேல். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. வேரில் செய்தது உடம்புக்கு நல்லது என்று சொல்லி இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கணையத்துக்கு நன்னாரிச் சர்க்கரை, கோலாச் சர்க்கரை என்ற பாகுபாடு தெரியாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் மிஞ்சுகிறது. கோலாவில் இனிப்பைத் தொழிற்சாலை முடிவு செய்துவிட்டது. பாகில் அதைக் குடிக்கிறவர் முடிவு செய்கிறார். நன்னாரி மணம் அழுத்தமானது. 10 மில்லியை ஒரு பெரிய டம்ளர் குளிர்ந்த நீரில் விட்டு, அரை மூடி எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தாலே மணம் குறையாது, சர்க்கரை ஒன்பது கிராமுக்குள் நிற்கும். சீட்டில் எழுத வேண்டிய அளவு அதுதான். சர்க்கரையே ஆகாத வீட்டுக்குப் பாகு கொண்டுபோகக் கூடாது. உரித்துக் காயவைத்த வேர்த்தோலை ஒரு சின்னக் கண்ணாடி டப்பாவில் கொடுக்கலாம். காய்ந்த வேரும் காத்திருக்கும். இலங்கையில் நன்னாரியைச் சர்க்கரை இல்லாமல் தேநீர் போலக் கொதிக்கவைத்து, ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வழக்கம் உண்டு. இனிப்பைப் பானத்திலிருந்து பிரித்து வைத்த அந்த ஏற்பாட்டை நாம் கடன் வாங்கலாம்.

இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்ற கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வேலை ஒரு மணி நேரம், மீதி ஊறுகிற நேரம். ஊறும்போது நாம் தூங்கிக்கொண்டிருப்போம். ஒருமுறை செய்தால் மூன்று பாட்டில், அதில் இரண்டு விருந்து கடந்துவிடும். ஸ்வீட் கடை வரிசையில் ஞாயிற்றுக்கிழமை மாலை நிற்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்தால் நட்டமில்லை. இந்த வேலை நடைமுறையில் பெண்கள் தலையில்தானே விழுகிறது என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. நன்னாரி உரிக்கும் வேலையில் ஆணுக்கு உடல்ரீதியான தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்பதே என் பதில்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதில் மிகப் பிடித்தது. பரிசு என்பது ஒருபோதும் சும்மா கொடுக்கப்படுவதில்லை, கொடுப்பதிலும் வாங்கிக்கொள்வதிலும் திருப்பித் தருவதிலும் கட்டாயம் இருக்கிறது என்று பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-ல் எழுதினார். மொய் நோட்டு பார்த்து வளர்ந்த நமக்கு அதை யாரும் பாரிஸிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. யார் எவ்வளவு வைத்தார் என்று பெயரும் ஊரும் போட்டு எழுதி, அவர் வீட்டு விசேஷத்தில் குறையாமல் திருப்பும் கணக்கு அது. அதில் தவறும் இல்லை. கல்யாணச் செலவைப் பல குடும்பங்கள் அப்படித்தான் தாங்கியிருக்கின்றன. கடையில் வாங்கிய எந்தப் பொருளும் விலை தெரிந்த பொருள் என்பதால் அதுவும் மனத்தில் ஒரு மொய் நோட்டில் ஏறிவிடுகிறது. முன்னூறு ரூபாய் ஸ்வீட்டுக்கு முன்னூறு ரூபாய் ஸ்வீட். வீட்டு சர்பத்தை அந்த நோட்டில் எந்தத் தொகைக்கு எழுதுவது? ஆனால் கடனே இல்லாமலும் போவதில்லை, பாட்டில் இருக்கிறதே. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்ற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். அந்த 750 மில்லி கண்ணாடி பாட்டிலும் அப்படித்தான் அலமாரியில் நின்று நினைவூட்டிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டிலிருந்து அது நார்த்தங்காய் ஊறுகாயாகத் திரும்பும், இன்னொரு வீட்டிலிருந்து நெல்லிக்காய்ச் சாறாக, மற்றொன்றிலிருந்து திரும்பவே திரும்பாது. திரும்பாத பாட்டில்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்திருக்க வேண்டும். ரூ ஆஃப்ஸா பாட்டில் வாய் சின்னது, கழுவக் கடினம், காபிப்பொடி வந்த அகன்ற வாய் பாட்டில்தான் உத்தமம்.